பேக்கப்பிலிருந்து இன்று வரை

மடத்துக்குளம் பக்கம் பல வீடுகளில் ஒரே கம்ப்யூட்டர்தான் இரண்டு கணக்கையும் சுமக்கிறது. பகலில் அதில் யூனிட்டுக்கு பில் போடுகிறார்கள். ராத்திரி வீட்டு வரவு செலவும் அதே மெஷினில்தான் ஏறுகிறது. முன் அறையில் நாலைந்து பவர் டேபிள் போட்டு ஜாப் ஒர்க் தைக்கிறவர் இருக்கிறார். நூல் மில்லுக்கு வேன் ஓட்டுகிறவர் இருக்கிறார். அமராவதிப் பாசனத்தில் நெல்லும் தென்னையும் வைத்துக்கொண்டு, பிள்ளையைத் திருப்பூர் கம்பெனிக்கு அனுப்பிய குடும்பமும் இருக்கிறது. இவர்கள் யாருக்கும் பணம் ஒரே வழியில் வருவதில்லை. பார்ட்டி நெஃப்ட் போடுவார், வியாபாரி ரொக்கம் தருவார், பையன் போனில் அனுப்புவான். அதனால்தான் டேலி, க்னூகேஷ் போன்ற கணக்கு மென்பொருளில் எழுதி வைக்கிறார்கள். பஞ்சுத் தூசி உள்ளே ஃபேனில் அடைத்தோ, கரண்ட் போய்ப் போய் வந்தோ அந்த மெஷின் ஒருநாள் உட்கார்ந்துவிடும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததால் புது மெஷின் வாங்கியவர்களும் உண்டு. பழையதைத் துடைத்துக் கொடுத்த பிறகு கணக்கு எங்கே என்று தேடியவர்கள் அவர்களில் சிலர்.

இந்த அத்தியாயம் அப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கு. உங்களிடம் ஒரு பேக்கப் இருக்கிறது, ஆனால் அது சில மாதம் பழசு என்று வைத்துக்கொள்கிறேன். பேக்கப்பே இல்லாதவர்களுக்கும் பின்பாதி உதவும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேக்கப்பை ஏற்றுவது சின்ன வேலை. பேக்கப் எடுத்த நாளுக்கும் இன்றைக்கும் நடுவே விட்டுப்போனதை நிரப்புவதுதான் பெரிய வேலை, பெரும்பாலான கணக்குகள் கெட்டுப்போவதும் அங்கேதான். அந்த இடைவெளியில் உங்கள் கைவசம் இல்லாத, நீங்கள் நினைத்தாலும் மாற்ற முடியாத சாட்சி ஒன்றுதான்: பேங்க் ஸ்டேட்மென்ட். அதைப் பிடித்துக்கொண்டு நாள் வரிசையில் வந்தால் எத்தனை மாதம் விட்டிருந்தாலும் இன்றைக்கு வந்து சேரலாம். ஞாபகத்தைப் பிடித்துக்கொண்டு வந்தால் முடியாது.

எதையும் அழிக்காதீர்கள்

மெஷின் இன்னும் உயிரோடு இருந்தால், ஏற்றுவதற்கு முன்பு இப்போது இருப்பதை அப்படியே ஒரு நகல் எடுங்கள். கெட்டுப்போன ஃபைலாக இருந்தாலும் சரி. பாதி திறக்கும் ஃபைலில் பேக்கப்பில் இல்லாத கடைசி இரண்டு வாரம் இருக்கலாம். ஹார்டு டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டால் அதில் எதையும் புதிதாக எழுதாமல் நிறுத்திவிட்டு, தெரிந்தவரிடம் கொடுங்கள். ஃபைல் பெயரெல்லாம் மாறி, பணம் கேட்டு அறிவிப்பு வந்திருந்தால் அது வைரஸ் வேலை. அந்த மெஷினில் பேக்கப் பென் டிரைவைச் செருகவே கூடாது. செருகினால் அதையும் பூட்டிவிடும்.

கூகுள் டிரைவில் தானாக ஏறிக்கொண்டிருக்கிறது, அது போதும் என்று நினைப்பவர்கள் நிறைய. மெஷினில் ஃபைல் கெட்டால் கெட்ட ஃபைலே அங்கேயும் போய் உட்காரும். ஆனால் பழைய பதிப்புகளை அது சாதாரணமாக 30 நாள் வரை வைத்திருக்கும். பிரவுசரில் டிரைவைத் திறந்து, ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து, பழைய பதிப்புகளைப் பாருங்கள். தாமதித்தால் அதுவும் போய்விடும் என்பதால் இதை முதல் நாளே செய்ய வேண்டும்.

பிறகு கையில் கிடைக்கும் பேக்கப்புகளை எல்லாம் ஒரு இடத்தில் சேருங்கள். பென் டிரைவ், பழைய லேப்டாப், ஆடிட்டருக்கு மெயிலில் அனுப்பியது, வாட்ஸ்அப்பில் மகனுக்கு அனுப்பியது. ஆடிட்டர் ஆபீஸை மறந்துவிடாதீர்கள். ரிட்டர்ன் தாக்கல் செய்யும் சமயம் அவர்கள் வாங்கிய டேட்டா அங்கே இருக்கும்.

எந்த பேக்கப் நல்லது என்று ஃபைல் தேதியைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. பென் டிரைவிலிருந்து நகல் எடுத்த நாளே அதன் தேதியாக விழுந்திருக்கலாம். திறந்து, உள்ளே கடைசி என்ட்ரி எந்தத் தேதி என்று பாருங்கள். கோடிக்கணக்கில் செலவழிக்கும் நிறுவனங்களே இதில் சறுக்கியிருக்கின்றன. மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் வேலையைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில், 2017 ஜனவரி 31 அன்று ஒரு பொறியாளர் தவறுதலாக உண்மையான தரவுத்தளத்தையே அழித்துவிட்டார். காப்பு ஏற்பாடு ஐந்து வகையில் வைத்திருந்தார்கள். அன்றைக்கு ஒன்றுகூட நம்பும்படி வேலை செய்யவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன்பு தற்செயலாக எடுத்திருந்த ஒரு நகலிலிருந்துதான் மீண்டார்கள். அவர்கள் அதை மறைக்காமல் எல்லாருக்கும் எழுதிச் சொன்னார்கள். பேக்கப் இருக்கிறது என்பது வேறு, திறக்கிறது என்பது வேறு.

டேலியில் ஏற்றுவது

டேலி 1986-இல் பெங்களூரில் தொடங்கிய மென்பொருள். பனியன் தொழிலில் பில் போடுகிறவர் கை தானாகப் போகும் இடம் அது. டேலி பிரைமில் ஆல்ட்டுடன் ஒய் அழுத்தினால் டேட்டா மெனு வரும், அதில் ரீஸ்டோர். எங்கிருந்து எடுக்க வேண்டும், எங்கே வைக்க வேண்டும் என்று இரண்டு இடம் கேட்கும். இங்கேதான் கவனம் வேண்டும். வைக்கும் இடமாக இப்போதைய டேட்டா ஃபோல்டரையே காட்டினால், அதே கம்பெனி அங்கே இருக்கும் பட்சத்தில் பழையது புதியதன் மேல் ஏறிவிடும். எனவே 'மீட்பு' என்று புது ஃபோல்டர் ஒன்றை உருவாக்கி அதைக் காட்டுங்கள். அங்கே திறந்து பார்த்து, சரி என்று தெரிந்த பிறகு இடம் மாற்றிக்கொள்ளலாம்.

பேக்கப் எடுத்த டேலி எந்த வெளியீடோ அதற்குச் சமமான அல்லது அதற்குப் புதிய வெளியீடு இந்த மெஷினில் இருக்க வேண்டும். புதியதில் எடுத்ததைப் பழையதில் திறக்க முடியாது. பழைய டேலி ஈஆர்பி 9 டேட்டாவைப் புதிய பிரைமில் திறக்கும்போது மாற்றட்டுமா என்று கேட்கும். மாற்றிய பிறகு பழைய பதிப்புக்குத் திரும்ப வழியில்லை, அதனால் மூல பேக்கப்பைத் தொடாமல் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

பிரைவேட் லிமிடெட்டாகப் பதிவு செய்தவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருள், யார் எப்போது எதைத் திருத்தினார் என்ற தடத்தை வைத்திருந்தாக வேண்டும். நீங்கள் இன்றைக்கு உட்கார்ந்து மூன்று மாதத்துக்கு முந்தைய தேதியில் போடும் என்ட்ரி, இன்றைக்குப் போட்டதாகவே அந்தத் தடத்தில் தெரியும். அதில் தப்பு ஒன்றுமில்லை. மெஷின் எந்த நாள் பழுதானது, எந்த பேக்கப்பிலிருந்து மீட்டோம் என்று அரைப் பக்கம் எழுதிக் கையெழுத்திட்டு ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள். கம்ப்யூட்டர் தேதியைப் பின்னால் தள்ளி வைத்து என்ட்ரி போடும் யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

க்னூகேஷில் ஏற்றுவது

வீட்டுக் கணக்குக்குக் காசில்லாமல் கிடைக்கும் க்னூகேஷை வைத்திருப்பவர்களுக்குப் பல சமயம் தெரியாமலே பேக்கப் இருக்கும். சாதாரண ஃபைல் வடிவில் வைத்திருந்தால், ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் முந்தையதை அதே ஃபோல்டரில் தேதி நேரத்தோடு ஒரு நகலாக அது ஒதுக்கி வைக்கும். ஃபைல் பெயரின் பின்னால் 20250412183045 என்று 14 இலக்கம் இருந்தால், அது 2025 ஏப்ரல் 12, மாலை 6 மணி 30 நிமிடம் 45 வினாடிக்கு ஒதுக்கியது. தானாக அமைந்திருக்கும் விதிப்படி 30 நாள் நகல்களை வைத்துக்கொண்டு அதற்கு முந்தியதை நீக்கிவிடும். ஆக, முக்கிய ஃபைல் கெட்டால் பென் டிரைவைத் தேடும் முன் அந்த ஃபோல்டரையே பாருங்கள். கடைசி நகலைத் திறந்து வேறு பெயரில் சேமித்தால் வேலை முடிந்தது. தரவுத்தள வடிவில் வைத்திருப்பவர்களுக்கு இந்த வசதி கிடையாது.

இன்னொரு பொருளும் அதே ஃபோல்டரில் கிடக்கும். லாக் என்று முடியும் ஃபைல். நீங்கள் போடும் ஒவ்வொரு என்ட்ரியையும், சேமிக்கும் முன்பே, அது குறித்துவைத்துக்கொண்டே வரும். ராத்திரி ஒரு மணி நேரம் உட்கார்ந்து என்ட்ரி போட்டு, சேமிக்கும் முன் கரண்ட் போய்விட்டதா? கடைசியாகச் சேமித்த ஃபைலைத் திறந்து, இறக்குமதி மெனுவில் லாக் ஃபைலை மறுபடி ஓட்டும் வசதியைத் தேர்ந்து, கடைசிச் சேமிப்புக்குப் பின் தொடங்கிய லாக்கைக் காட்டுங்கள். அந்த ஒரு மணி நேர வேலை திரும்பி வரும். என்ட்ரிகள் மட்டுமே வரும். அந்த நேரத்தில் புதிதாகத் திறந்த கணக்குத் தலைப்புகள் லாக்கில் இருக்காது, அவற்றை முதலில் கையால் திறந்துவிட்டு லாக்கை ஓட்ட வேண்டும். ஒரே லாக்கை இரண்டு முறை ஓட்டாதீர்கள்.

நின்ற நாளைக் கண்டுபிடிப்பது

ஏற்றியாயிற்று. உடனே புது ஸ்டேட்மென்ட்டை இறக்கி உள்ளே தள்ள கை பரபரக்கும். பொறுங்கள்.

நூல் மில்லில் ஸ்பின்னிங் ஓட்டுகிறவர், நூல் அறுந்தால் முதலில் அறுந்த நுனியைத் தேடிப் பிடிக்கிறார், பிறகுதான் இணைக்கிறார். இங்கேயும் அதுதான் முறை. உங்கள் கணக்கும் பேங்க்கும் கடைசியாக ஒத்துப்போன நாள் எது? அது பேக்கப் எடுத்த நாளாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஆகஸ்ட் 31-இல் எடுத்த பேக்கப்பில், ஆகஸ்ட் கடைசி வாரத்து என்ட்ரிகள் பாதிதான் போட்டிருக்கலாம்.

ஸ்டேட்மென்ட்டில் அந்த நாள் முடிவில் இருந்த இருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மென்பொருளில் அதே நாள் இருப்பைப் பாருங்கள். ஓர் உதாரணம்: கணக்கில் 84,260 ரூபாய், பேங்க்கில் 91,760 ரூபாய். வித்தியாசம் 7,500. பேங்க்கில் கூடுதலாக இருக்கிறது என்றால், நீங்கள் கொடுத்துவிட்டதாக எழுதியது அங்கே இன்னும் போகாமல் இருக்கலாம். ஊசி, நூல் கடைக்குக் கொடுத்த செக் ஒன்று செப்டம்பர் 3-ஆம் தேதி 7,500-க்குப் பாஸாகி இருந்தால் விடை கிடைத்துவிட்டது, இருப்பு சரிதான். அப்படி எதுவும் இல்லை என்றால் முந்தைய மாதக் கடைசிக்குப் போங்கள். அங்கேயும் ஒத்துவரவில்லை என்றால் அதற்கும் முந்தைய மாதம். ஒத்துப்போகும் நாள் கிடைக்கும் வரை பின்னால் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த நாள் கிடைக்காமல் முன்னால் நகர்வதுதான் பின்னால் தலைவலியாகும்.

செக் மூன்று மாதம்தான் செல்லும். 2012 ஏப்ரல் 1 முதல் அந்த விதி. எனவே மூன்று மாதத்துக்கு மேல் பாஸாகாமல் நிற்கும் செக்கை நிலுவை என்று எழுதிக்கொண்டே போகாதீர்கள். பார்ட்டியிடம் கேட்டு, தேவைப்பட்டால் ரத்து செய்து என்ட்ரியைத் திருப்புங்கள்.

பழைய பேக்கப்பைத் திறப்பவர்களுக்குப் பேங்க் பெயரே மாறியிருக்கலாம். கரூரில் 1926-இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் பேங்க் 2020 நவம்பர் 27 முதல் டிபிஎஸ் பேங்க் இந்தியாவாகிவிட்டது. சிண்டிகேட் பேங்க் 2020 ஏப்ரல் 1-இல் கனரா பேங்க்கோடு சேர்ந்தது, அதே நாளில் அலகாபாத் பேங்க் இந்தியன் பேங்க்கோடு. கொங்குப் பகுதியில் இந்தப் பெயர்களில் கணக்கு வைத்திருந்த குடும்பங்கள் ஏராளம். பேங்க் சேர்ந்ததற்காகப் புதிய லெட்ஜர் திறந்து, பழையதை மூடி, இருப்பை மாற்றி எழுத வேண்டாம். உங்கள் பணமும் உங்கள் கணக்கும் தொடர்ச்சியாகவே இருந்தன. பெயரை மட்டும் மாற்றுங்கள்.

ஸ்டேட்மென்ட்டைக் கொண்டுவருவது

நெட் பேங்க்கிங்கில் பிடிஎஃப், எக்ஸெல், சிஎஸ்வி என்று வடிவம் கேட்கும். மூன்றில் பிடிஎஃப் உங்கள் கண்ணுக்கு, சிஎஸ்வி மென்பொருளுக்கு. இரண்டையும் எடுங்கள். ஓஎஃப்எக்ஸ் என்று ஒரு வடிவம் உங்கள் பேங்க் தந்தால் க்னூகேஷுக்கு அதுவே மேல், ஏனென்றால் அதில் ஒவ்வொரு வரிக்கும் ஓர் அடையாள எண் இருக்கும், ஒரே வரி இரண்டு தடவை ஏறாது. சிஎஸ்வியில் அந்தக் காவல் இல்லை.

சிஎஸ்வியை எக்ஸெலில் திறந்து சேமித்தால் வரும் கேடு இரண்டு. யூபிஐ வரிகளில் வரும் 12 இலக்க எண்ணை அது பெரிய எண்ணாக நினைத்துச் சுருக்கிவிடும், கடைசி இலக்கங்கள் போய்விடும். பார்ட்டியோடு தகராறு வந்தால் அந்த எண்தான் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம். அடுத்தது தேதி. 05-04-2025 என்பது நமக்கு ஏப்ரல் 5. அமெரிக்க முறையில் அமைந்த மெஷினுக்கு அது மே 4. மாதத்தின் முதல் 12 நாள் வரிகள் சத்தமில்லாமல் வேறு மாதத்துக்குப் போய்விடும், 13-ஆம் தேதி முதல் உள்ளவை மட்டும் பிழை காட்டும். பிழை காட்டிய வரிகளைத் திருத்திவிட்டு நிம்மதியாகிவிடுபவர்கள், காட்டாத வரிகள்தான் தவறானவை என்பதைக் கவனிப்பதில்லை. க்னூகேஷின் இறக்குமதித் திரையில் தேதி வடிவம் கேட்கும் இடத்தில் நாள்-மாதம்-ஆண்டு என்று தேர்ந்துவிட்டு, முன்னோட்டத்தில் 12-க்குள் வரும் ஏதாவது ஒரு தேதியைப் பிடிஎஃப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரு வருஷத்தையும் ஒரே மூச்சில் ஏற்றாதீர்கள். ஒரு மாதம் ஏற்றுங்கள், அந்த மாதக் கடைசி இருப்பு ஒத்துவருகிறதா பாருங்கள், பிறகு அடுத்த மாதம். பொறுமை இல்லாதவர்களுக்கு இது சுற்றி வளைப்பதாகத் தோன்றும். ஆனால் 12 மாதத்தை ஒன்றாகத் தள்ளி 3,140 ரூபாய் வித்தியாசம் வந்தால் 12 மாதத்திலும் தேட வேண்டும். மாதம் மாதமாக வந்தால் தேட வேண்டியது ஒரு மாதம்தான்.

பேங்க் ஸ்டேட்மென்ட்டில் கிரெடிட் என்று இருப்பது உங்கள் புத்தகத்தில் டெபிட். அது பேங்க்கின் பார்வையில் எழுதியது. உங்கள் பணம் அவர்களுக்குக் கடன். புதிதாகத் தொடங்குபவர்கள் இந்த இடத்தில் முழு மாதத்தையும் தலைகீழாக ஏற்றிவிடுவது வழக்கம். முதல் மாதத்தில் ஒரே ஒரு வரவை எடுத்து, இருப்பு கூடுகிறதா என்று பார்த்துவிட்டால் போதும்.

இரட்டை வரும் இடங்கள்

உங்கள் கரன்ட் அக்கவுண்ட்டிலிருந்து சேவிங்ஸுக்கு 20,000 மாற்றினீர்கள். இரண்டு ஸ்டேட்மென்ட்டிலும் அது இருக்கிறது. இரண்டையும் இறக்கினால், ஒன்று 20,000 செலவாகவும் இன்னொன்று 20,000 வருமானமாகவும் உட்கார்ந்துவிடும். இருப்புகள் இரண்டும் சரியாகவே இருக்கும், அதனால் யாருக்கும் தெரியாது. வருஷக் கடைசியில் வருமானமும் செலவும் ஊதிப்போய் இருக்கும். டேலியில் இது எஃப்4 கான்ட்ரா, ஒரே என்ட்ரி. க்னூகேஷில் முதல் பேங்க்கை இறக்கும்போதே எதிர்க் கணக்காக இரண்டாவது பேங்க்கைக் கொடுத்துவிடுங்கள். இரண்டாவதை இறக்கும்போது 'இது ஏற்கெனவே இருக்கிறது' என்று பொருத்திக் காட்டும், புதிதாகச் சேர்க்கும் குறியை எடுத்துவிட்டுப் பொருத்தத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். கிரெடிட் கார்டு பில் கட்டுவதும், ஏடிஎம்மில் எடுப்பதும் இதே வகைதான். ஏடிஎம்மில் எடுத்த பணம் செலவாகவில்லை, பேங்க்கிலிருந்து பைக்குப் போயிருக்கிறது.

பேக்கப்பின் கடைசி வாரமும் இரட்டை வரும் இடம்தான். சில என்ட்ரிகள் பேக்கப்பிலேயே இருக்கும், ஸ்டேட்மென்ட்டிலிருந்தும் மறுபடி வரும். நீங்கள் செக் கொடுத்த தேதியில் எழுதியிருப்பீர்கள், பேங்க் அது பாஸான தேதியில் எழுதியிருக்கும், மென்பொருள் இரண்டும் வேறு என்று நினைக்கலாம். இந்த ஒரு வாரத்தை மட்டும் இறக்காமல் கையால் ஒப்பிட்டுப் போடுவது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

பார்ட்டி பெயர் தெரியாத வரிகள் வரும். யூபிஐயில் சுருக்கமாக ஏதோ நாலு எழுத்து இருக்கும். போனில் உள்ள பணம் அனுப்பும் ஆப்பின் பழைய பட்டியலை அதே 12 இலக்க எண்ணால் தேடினால் பெயர் கிடைக்கும். பேங்க் கட்டணம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, கடன் தவணை, காலாண்டுக்கு ஒரு முறை வரும் சேவிங்ஸ் வட்டி, இவை ஞாபகத்திலிருந்து யாரும் எழுத முடியாதவை. சஸ்பென்ஸ் என்று ஒரு லெட்ஜர் திறந்து, தெரியாததை அங்கே வைக்கலாம். ஆனால் ஒவ்வொரு மாதமும் முடியும்போது அதைக் காலி செய்துவிட்டு அடுத்த மாதத்துக்குப் போங்கள். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அங்கே நூறு வரி சேர்ந்துவிடும்.

ஒத்துவரவில்லை என்றால்

வித்தியாசத் தொகையே பல சமயம் காரணத்தைச் சொல்லும். அது 9-ஆல் வகுபட்டால் இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம்: 540 என்பதை 450 என்று போட்டால் வித்தியாசம் 90. வித்தியாசத்தில் பாதித் தொகைக்கு ஒரு என்ட்ரி இருந்தால், அது வரவுக்குப் பதில் செலவில் ஏறியிருக்கும். வித்தியாசத் தொகையே அப்படியே ஸ்டேட்மென்ட்டில் ஒரு வரியாக இருந்தால் அது விட்டுப்போனது. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே மளிகைக் கடைக் கணக்குப்பிள்ளைகள் பேரேட்டில் பயன்படுத்திய சோதனைகள் இவை, இன்றும் இவற்றை மிஞ்சியது இல்லை.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். வித்தியாசத்துக்கு 'சரிக்கட்டல்' என்று ஒரு என்ட்ரி போட்டு மூடாதீர்கள். இன்றைக்கு 340 ரூபாய் வித்தியாசம் என்பது, ஒரு 12,340 வரவு விட்டுப்போய், ஒரு 12,000 செலவும் விட்டுப்போனதாக இருக்கலாம். மூடிவிட்டால் இரண்டும் புதைந்துவிடும்.

ஸ்டேட்மென்ட்டில் நீங்கள் செய்யாத செலவு ஒன்று கண்ணில் பட்டால் கணக்கு வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு பேங்க்குக்குப் போன் செய்யுங்கள். பேங்க் தரப்பிலும் உங்கள் தரப்பிலும் தவறில்லாமல் வெளியே யாரோ எடுத்த பணமாக இருந்தால், பேங்க்கிலிருந்து தகவல் வந்து மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தவருக்கு நஷ்டம் எதுவும் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் விதி வகுத்தது. நாள் தள்ளத் தள்ள உங்கள் தலையில் விழும் பங்கு கூடும். சைபர் மோசடிக்கு 1930 என்ற எண் இருக்கிறது. கணக்கை மாதக்கணக்கில் விட்டுவைப்பதில் உள்ள உண்மையான ஆபத்து இதுதான்: பணம் போனது தெரிவதற்குள் கேட்கும் காலம் போய்விடும்.

பேங்க் அறியாத பணம்

பேங்க் வரிகள் முடிந்த பிறகுதான் ரொக்கத்துக்கு வர வேண்டும். சனிக்கிழமைக் கூலி, டீக்கடை, சந்தைச் செலவு, தேங்காய் வியாபாரி கையில் கொடுத்தது, மகளிர் குழுத் தவணை, கைமாற்று. இதில் கூலிக்கு மட்டும் பெரும்பாலும் நோட்டு இருக்கும். பீஸ் கணக்கு எழுதிய அந்த நோட்டை வாரம் வாரமாக வைத்து ஏற்றிவிடலாம். ஏடிஎம்மில் எடுத்தது எவ்வளவு என்று இப்போது தெரியும். கையில் இன்றைக்கு இருப்பதை எண்ணுங்கள். எடுத்தது, கையில் வந்தது இரண்டையும் கூட்டி, கூலியையும் தெரிந்த செலவையும் இன்றைய இருப்பையும் கழித்தால் மிச்சம் வருவது விவரம் தெரியாத ரொக்கச் செலவு. வீட்டுக் கணக்கில் அதை மாதத்துக்கு ஒரே வரியாக 'விவரம் இல்லாத ரொக்கம்' என்று எழுதிவிடுங்கள். மளிகை இவ்வளவு, பெட்ரோல் இவ்வளவு என்று கற்பனையாகப் பிரித்து எழுதினால், அடுத்த வருஷம் அந்தக் கற்பனையை நம்பித்தான் பட்ஜெட் போடுவீர்கள். தொழில் கணக்கில் வவுச்சர் இல்லாத ரொக்கத்தை நீங்களாக எழுத வேண்டாம், ஆடிட்டரைக் கேளுங்கள்.

விற்பனை பில்கள் தொலைந்திருந்தால் ஜிஎஸ்டி போர்ட்டலில் நீங்கள் தாக்கல் செய்த ஜிஎஸ்டிஆர்-1 இருக்கிறது. வாங்கிய பில்களுக்கு ஜிஎஸ்டிஆர்-2பி. வட்டியும் பிடித்த வரியும் வருமான வரி போர்ட்டலின் ஆண்டுத் தகவல் அறிக்கையில் இருக்கும். கூட்டுறவுச் சங்கத்தில் வைத்த நகைக்கடனுக்கு இவை எதிலும் வரி வரியாக விவரம் கிடைக்காது. பாஸ்புக்கையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு நேரில் போய்ப் பதிந்து வாங்கி வர வேண்டும்.

கடைசி மாதம் ஒத்துவந்த அன்றைக்கே, தூங்கப் போகும் முன், புது பேக்கப் இரண்டு எடுங்கள். ஒன்று பென் டிரைவில், ஒன்று வேறொரு வீட்டில் இருக்கும் மெஷினுக்கு. ஃபைல் பெயரில் எந்தத் தேதி வரை பேங்க்கோடு ஒத்துவந்தது என்று எழுதுங்கள். அந்த இரண்டாவது மெஷினில் அதை ஏற்றித் திறந்து, பேங்க் லெட்ஜரின் கடைசி இருப்பை ஸ்டேட்மென்ட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது சரியாக இருந்தால் பழைய பேக்கப்புகளைத் தனி ஃபோல்டரில் ஒதுக்கலாம். அழிக்க வேண்டாம்: ஜிஎஸ்டி பதிவுள்ளவர்கள் ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்கைப் பாதுகாத்து வைக்கச் சட்டம் சொல்கிறது.